ஒரு வெடியா, இரண்டு வெடியா?

"இந்த வாரம் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது எப்படி என்று எழுதப் போகிறேன், ஸார்" என்றேன்.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ ஆபத்து என்று எங்கள் காரியாலயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"போன வாரம் வெள்ளிக் குத்துவிளக்கு. அதற்கு முந்தின வாரம் ஊறுகாய் ஜாடி. இந்த வாரம் துப்பாக்கியா? நம் பத்திரிகையைப் படிக்கிற பெண்மணிகள் யாரைச் சுடப் போகிறார்கள், அம்மா?"

"யாரையும் சுட வேண்டாம், ஸார். கழுவத் தெரிந்தால் போதும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

சகோதரிகளே, உங்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் துப்பாக்கி கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரும்பு தோசைக்கல் இருக்கிறது; அரிவாள்மணை இருக்கிறது; பாட்டி கொடுத்த பாக்குவெட்டி இருக்கிறது. அவற்றுக்கும் துப்பாக்கிக்கும் சத்துரு ஒருவன்தான். அவன் பெயர் துரு. அவனை விரட்டும் வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மாள்.

* * *

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் ஒரு குடகுப் பெண். சென்னை வெயிலைத் திட்டிக்கொண்டே தமிழ் கற்றுக்கொண்டவள். இன்றைக்கும் எனக்குப் போன் செய்தால் முதலில் வெயிலைத்தான் விசாரிப்பாள். "செப்டம்பர் ஆரம்பத்தில் கைல்போத் வருகிறது, பாட்டி வீட்டுக்கு வாயேன்" என்று இந்தத் தடவை கூப்பிட்டாள். லீவு போட்டுவிட்டு மைசூர் வழியாக மடிக்கேரிக்குப் பஸ் ஏறினேன்.

நம் காவேரி பிறக்கிற பூமி அல்லவா? தலைக்காவேரியிலிருந்து இறங்கி வந்துதான் அவள் தஞ்சாவூர் வரை நமக்குச் சோறு போடுகிறாள். அங்கே ஜூன் மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரையில் ஓய்வதில்லை. உலர்த்திய துணி நாலு நாள் உலராது. தீப்பெட்டி நமுத்துப் போகும். உப்பு ஜாடியில் உப்பு தானாகவே குழம்பாகி நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்கு வீடு துப்பாக்கி.

கைல் என்றால் ஆயுதம். போத் என்றால் பண்டிகை. நம் ஊர் ஆயுத பூஜைக்கு அண்ணன் முறை. நாற்று நட்டு முடிந்த பிறகு, வயல் வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கும் நேரத்தில் இந்தப் பண்டிகை வருகிறது. வீட்டிலுள்ள கத்தி, துப்பாக்கி எல்லாவற்றையும் துடைத்து, பூஜை அறையில் வைத்துப் பூச்சூட்டுவார்கள். முன்காலத்தில் அன்றைக்கே வேட்டைக்கும் கிளம்புவார்களாம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. இப்போது தென்னை மர உச்சியில் தேங்காயைக் கட்டிவைத்துச் சுடுகிறார்கள். தேங்காய் திருப்பித் தாக்குவதில்லை என்பது ஒரு சௌகரியம்.

துப்பாக்கியைச் சூட்டும் பூ எது தெரியுமா? செங்காந்தள்! நம் தமிழ்நாட்டின் மாநில மலர். நெருப்புச் சுடர் மாதிரி இதழ்களை மேலே மடித்துக்கொண்டு நிற்குமே, அதுதான். குடகர்கள் துப்பாக்கியைத் தோக்கு என்கிறார்கள். இந்தப் பூவைத் தோக்குப் பூ என்கிறார்கள். குழலின் வாயில் ஒரு பூவைச் செருகிவைக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது பண்டிகைக்கு முதல் நாள் மத்தியானம். பாட்டியம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய வேஷ்டித் துணிகளைச் சிறுசிறு சதுரங்களாகக் கிழித்து வைத்திருந்தார். எதிரே பாயில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் முன்னால், பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் பேரன், பள்ளிக்கூடப் பையனைப்போல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீங்கள் பத்திரிகைக்காரர். உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான். நான் செய்த தப்புக்கு இது தண்டனை" என்றான் என்னைப் பார்த்து.

பாட்டியம்மாள் குடகு மொழியில் ஏதோ சொன்னார். என் ஸ்நேகிதி மொழிபெயர்த்தாள்: "தண்டனை இல்லையாம். பாடமாம்."

* * *

இந்தத் துப்பாக்கி நாம் சினிமாவில் பார்க்கிற ரகம் இல்லை. தோட்டாவைப் பின்னால் சொருகி அடைக்கிற வசதி இதற்குக் கிடையாது. குழலின் வாய் வழியாகவே கருமருந்தைக் கொட்டி, துணியோ காகிதமோ வைத்து, கெஜக்கோல் என்ற நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். குழலின் அடியில் மேல்பக்கமாகக் குண்டூசித் தலைபோல ஒரு சிறு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவே மெல்லிய துவாரம். காம்பின்மேல் ஒரு செப்புத் தொப்பியை மாட்டுவார்கள். தீபாவளிக்கு நம் குழந்தைகள் பொட்டுக் கேப் வெடிக்கிறார்களே, அதன் பெரியண்ணா. விசையை இழுத்தால் குதிரை வந்து தொப்பியை அடிக்கும். நெருப்புப் பொறி துவாரத்தின் வழியாக இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். இந்த வீட்டுத் துப்பாக்கியில் இரண்டு குழல், இரண்டு காம்பு, இரண்டு குதிரை.

குடகில் வெடிச் சத்தம் வெறும் சத்தம் அல்ல, அது ஒரு பாஷை. வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி. யாராவது காலமானால் அடுத்தடுத்து இரண்டு வெடி. மலைச்சரிவுகளில் தள்ளித் தள்ளி இருக்கிற வீடுகளுக்கு அந்தக் காலத்துத் தந்தி அதுதான். அறுவடைத் திருநாளான புத்தரியன்று முதல் கதிரை அறுக்கும்போதும் ஒரு வெடி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புத்தரி அன்று, பேரன்தான் வயலில் வெடி வைத்தான். இடது குழலில் மட்டும் மருந்து போட்டான். வெடித்தது. எல்லோரும் சந்தோஷமாகப் புதுக்கதிரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். தாத்தா அப்போதே உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். "துப்பாக்கியைக் கழுவி வை" என்று கட்டிலிலிருந்தே சொன்னாராம்.

பையன் பெங்களூரில் துப்பாக்கிக் கிளப் ஒன்றில் அங்கத்தினன். அங்கே நவீனத் தோட்டாக்கள். சுட்டு முடித்ததும் டப்பாவிலிருந்து எண்ணெயைப் பீச்சித் துணியால் துடைத்தால் தீர்ந்தது வேலை. அதே மாதிரி இதற்கும் இரண்டு குழலிலும் எண்ணெயைப் பீச்சி, துடைத்து, சுவரில் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

ஏழு மாதம் கழித்து, போன வருஷம் ஜூலையில், தாத்தா காலமானார்.

அன்றைக்கு அடைமழை. மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரமும் செயலற்றுக் கிடந்தது. என் ஸ்நேகிதி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காகப் பாட்டி வீட்டில்தான் இருந்தாள். எதிர்ச் சரிவில், ஓடையைத் தாண்டி, பாட்டியம்மாளின் தங்கை வீடு. சொல்லியனுப்ப ஒரே வழி வெடிதான்.

இரண்டு குழலிலும் மருந்து போட்டு முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். வலது குழல் வெடித்தது. இடது குழலின் குதிரை 'டிக்' என்று தொப்பியை அடித்தது. அவ்வளவுதான். வேறு தொப்பி மாட்டினார்கள். மறுபடியும் 'டிக்'. நெருப்பு இறங்க வேண்டிய துவாரம் துருவால் அடைத்துப் போயிருந்தது.

ஆக, மலையெங்கும் கேட்டது ஒரே ஒரு வெடி.

எதிர்ச் சரிவில் இருந்த தங்கை என்ன நினைப்பார்? 'பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது!' தேன் சீசா ஒன்றை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, அந்த மழையிலும் கிளம்பிவிட்டார். பாதி வழி வந்திருப்பார். அதற்குள் பக்கத்து வீட்டுத் துப்பாக்கியை வாங்கி வந்து முறைப்படி இரண்டு வெடி வைத்துவிட்டார்கள்.

முதலில் ஒன்று, அரை மணி கழித்து இரண்டு. அந்த அம்மாள் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

"சின்னப்பாட்டி வழுக்குகிற சரிவில் ஓடியே வந்துவிட்டார்" என்றாள் என் ஸ்நேகிதி. "வாசலில் என்னை வயிற்றோடு பார்த்ததும் கட்டிக்கொண்டு கதறினார். உயிரோடு இருக்கிறாயா, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் கூடத்தில் தாத்தாவைப் பார்த்தார். எதற்கு அழுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை."

பேரன் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டியம்மாள் துணியைக் கிழிப்பதை நிறுத்தவில்லை.

* * *

இப்போது ஒரு கேள்வி. இரண்டு குழலுக்கும் ஒரே எண்ணெய்தான், ஒரே மழைதான், ஒரே சுவர்தான். அப்படியிருக்க, வலது குழல் நன்றாக இருந்தது. இடது குழல் மட்டும் ஏன் துருப்பிடித்தது?

காரணம், புத்தரியன்று வெடித்தது இடது குழல் மட்டும்.

கருமருந்தில் 100 பங்குக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. இது எரிந்தால் முழுவதும் காற்றாகப் போய்விடாது. 1875-ல் நோபிள், ஏபெல் என்ற இரண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்ததில், 100 பங்கு மருந்தில் சுமார் 57 பங்கு திடப் பொருளாகவே மிஞ்சியது. அதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாகப் போகிறது. மற்றது குழலின் உட்புறத்தில் கறுப்பாக அப்பிக்கொள்கிறது.

அந்தக் கறுப்பைக் கரி என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமாக அது உப்பு. நம் பாட்டிமார் பாத்திரம் தேய்த்த விறகுச் சாம்பலில் ஒரு காரம் உண்டே, பொட்டாசியம் கார்பனேட், அதுவே இதிலும் பெரும்பங்கு. கூடவே கந்தகம் கலந்த உப்புகள் வேறு. பழைய காலத்துத் தொப்பிகளாக இருந்தால் சமையல் உப்பின் உடன்பிறப்பு ஒன்றும் சேரும். உப்பு என்ன செய்யும்? மழைக்காலத்தில் உங்கள் உப்பு ஜாடி என்ன செய்கிறதோ அதையே செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பின்மேல் உப்பு நீர் இரவும் பகலும் ஒட்டியிருந்தால், துரு வருவதற்குத் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டுமா?

பையன் எண்ணெய் பூசினானே, அது என்ன ஆயிற்று? உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அவன் எண்ணெயைப் போட்டு உப்பை உள்ளே வைத்து மூடிவிட்டான். புண்ணைக் கழுவாமல் மேலே கட்டுப் போட்டது மாதிரி.

"இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்றுதானே பாட்டி எல்லோரும் சொல்கிறார்கள்?" என்று அவன் கேட்டான்.

"தோசைக்கல்லைக் கழுவாமலா வைக்கிறோம்? தண்ணீர் இரும்பைக் கெடுக்காது. துடைக்காமல் விட்ட தண்ணீர்தான் கெடுக்கும்" என்றார் பாட்டியம்மாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பஸ் ஏறி வந்தது நியாயம் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. துப்பாக்கிக்குப் பூசும் கொழுப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நம் சரித்திரத்திலும் அது இடம் பெற்றிருக்கிறதே! 1853-ஆம் வருஷ மாடல் என்பீல்டு ரைபிள் என்று ஒன்று. இதுவும் முன்வாய் வழியாக மருந்து போடுவதுதான். ஆனால் குழலுக்குள் மூன்று பள்ளக்கோடுகள் திருகாகச் செல்லும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவதற்காக அந்த ஏற்பாடு. அந்தக் கோடுகளில் மருந்துக் கறுப்பு அப்பினால் அடுத்த குண்டு இறங்காது. சிக்காமல் வழுக்கி இறங்குவதற்காகக் காகிதத் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்று 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் கிளம்பிய பேச்சு, பிற்பாடு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். சிப்பாய்களே தங்களுக்கு வேண்டிய எண்ணெயையும் மெழுகையும் பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டது.

அந்தக் கலகத்துக்குப் பிறகு ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் போட்டார்கள். குடகர்களுக்கு மட்டும் 1861-ல் விலக்குக் கொடுத்தார்கள். அந்தச் சலுகை வழிவழியாக நீடிக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

* * *

மறுநாள் பண்டிகை. குளித்து, விளக்கேற்றி, ஆயுதங்களைப் பூஜையில் வைத்தார்கள். சந்தனத்தைக் கட்டைப் பகுதியில்தான் வைக்க வேண்டும், இரும்பில் வைக்கக் கூடாது என்று பாட்டியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்; ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் துருப்புள்ளி விழுமாம். குழல் வாயில் செங்காந்தள். வாழையிலையில் கடம்புட்டு. நொய்யரிசியில் உருண்டையாகப் பிடித்து ஆவியில் வேகவைத்தது. நம் பிடிகொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பூஜை முடிந்ததும் பாட்டியம்மாள் பேரனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் திகைத்துப் போய் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணில் ஜலம்.

விஷயம் இதுதான். தாத்தா காலமான பதினைந்தாம் நாள் என் ஸ்நேகிதிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பெண்ணுக்கு வெடி வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் அதில் மனசும் இல்லை. துப்பாக்கியும் சரியாக இல்லை. மடிக்கேரியில் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, குழலுக்குள் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பரிசோதித்து, புதுக் காம்பு மாட்டி வாங்கி வந்திருந்தார்கள்.

"குழந்தைக்குச் சேர வேண்டிய வெடி ஒன்று பாக்கி இருக்கிறது. இடது குழலில் போடு" என்றார் பாட்டியம்மாள்.

குண்டு கிடையாது, மருந்தும் துணியும் மட்டும். முற்றத்தின் ஓரத்துக்குப் போய், வானத்தைப் பார்த்து விசையை இழுத்தான். மலை மூன்று தடவை திருப்பிச் சொல்லிற்று. பதினாலு மாதக் குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. தன்னைக் கௌரவிக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

புகை கலைவதற்குள் பாட்டியம்மாள் எழுந்துவிட்டார். அடுப்பில் வெந்நீர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

* * *

அவர் செய்யச் சொன்னபடி பேரன் செய்தான். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

முதல் காரியம், உள்ளே மருந்து இல்லை என்று நிச்சயம் செய்துகொள்வது. கண்ணை வைத்துக் குழலுக்குள் பார்க்கவே கூடாது. கெஜக்கோலைக் குழலில் அடிவரை விட்டு, வாயருகே நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின்மேல் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நுனி காம்பு இருக்கும் இடம் வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். வெடித்த குழலையும் பார்த்தார்கள், வெடிக்காத குழலையும் பார்த்தார்கள்.

பிறகு கட்டையையும் குழலையும் இணைக்கும் சின்ன ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலைத் தனியே பிரித்தார்கள். மரத்தில் தண்ணீர் படக் கூடாது. காம்புகளைத் திருகிக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் போட்டார்கள்.

வாளியில் வெந்நீர், கை பொறுக்கும் சூடு, ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. தளதளவென்று கொதிக்கிற நீர் வேண்டாமாம். இரும்பு சுட்டுப் போய், நாம் துடைப்பதற்குள்ளேயே மஞ்சள் பூத்த மாதிரி மெல்லிய துரு படர்ந்துவிடுமாம். குழலின் அடிப்பாகத்தை வாளியில் நிறுத்தி, கோலின் நுனியில் ஈரத் துணியைச் சுற்றி, மேலும் கீழும் இழுத்தான். குழந்தைகளின் தண்ணீர்ப் பீச்சாங்குழல் மாதிரி, காம்புத் துவாரத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கிற்று. வாளி கன்னங்கரேலென்று ஆயிற்று. அழுகின முட்டை நாற்றம்! அது கந்தக உப்பு கரைகிற வாசனை. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நாறட்டும், நாறட்டும். வெளியே நாறினால் உள்ளே நாறாது" என்றார் பாட்டியம்மாள்.

தண்ணீரை மூன்று தடவை மாற்றினார்கள். தெளிவாக வரும் வரையில் விடவில்லை. கடைசியில் சோப்பில்லாத நல்ல வெந்நீர். உடனே உலர்ந்த துணி, இன்னொரு துணி, மற்றொரு துணி. எப்போதும் வெள்ளைத் துணிதான். வண்ணத் துணியில் அழுக்கு தெரியாது. காம்பின் துவாரத்தில் ஒரு பறவை இறகின் தண்டை விட்டுத் துடைத்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் உதவாது; அந்த ஊர்க் குளிரில் கட்டிவிடும், நாளானால் சிக்கும் பிடிக்கும். மற்ற சமையல் எண்ணெய்களும் பிசினாகிவிடும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் போதும். துணியில் நாலு சொட்டு விட்டு உள்ளும் புறமும் மெல்லிசாக ஒரு பூச்சு. காம்பின் மரையில் துளி கிரீஸ், அடுத்த தடவை கழற்ற வருவதற்காக. முதல் நாள் குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச எண்ணெய் பின்னால் இறங்கிக் கட்டையை ஊறப்போட்டுவிடும். திரும்ப உபயோகிக்கும் முன்பு எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெயில் நனைந்த மருந்து எரியாது.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறார்கள். இதில் ஒரு ஜாக்கிரதை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கதையல்ல, உண்மை. கொடியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். உங்கள் வீட்டு மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடும்போதும் இதை மறக்காதீர்கள்.

அழகான தோல் உறையில் போட்டு வைக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். பாட்டியம்மாள் சிரித்தார். தோல் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பதப்படுத்தின சரக்கும் இரும்பைத் தின்னும். காற்றாட, சுவரில் ஒட்டாமல் இருப்பதே நல்லது. யாராவது கையால் தொட்டுப் பார்த்தால், வேர்வை உப்புப் போக, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

"அவ்வளவுதானே?" என்றான் பேரன்.

"இல்லை. நாளைக்கு ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பார். நாலு நாள் கழித்து இன்னொன்று. மஞ்சளாக வந்தால் எண்ணெய். செம்பழுப்பாக வந்தால் நீ கழுவவில்லை என்று அர்த்தம். மறுபடி வெந்நீர் வை. அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை. மழைக்காலத்தில் இரண்டு முறை."

வெடித்தது ஒரு நொடி. கழுவியது ஒரு மணி நேரம்.

சகோதரிகளே, இடையில் ஒரு முக்கியமான சமாசாரம். இதைப் படித்துவிட்டு, பரணில் கிடக்கும் கொள்ளுத் தாத்தாவின் துப்பாக்கியை இறக்கிக் கழுவலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கருமருந்து உலர்ந்த நிலையில் எத்தனையோ வருஷம் கெடாமல் இருக்கும். தாத்தா போட்ட மருந்து பேத்தியின் கையில் வெடிக்கலாம். அப்படி ஏதாவது கிடைத்தால் யாரும் தொடாமல், குழந்தைகளைத் தூர நிறுத்திவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுங்கள். நமக்கெல்லாம் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். உங்கள் கைவரிசையைத் தோசைக்கல்லிலும் அரிவாள்மணையிலும் காட்டுங்கள். புளியும் உப்பும் பட்ட இரும்பை உடனே கழுவுங்கள். கழுவியதை உடனே துடைத்து அடுப்பில் ஒரு நிமிஷம் காயவையுங்கள். காய்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கழுவாமல் எண்ணெய் பூசுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

* * *

கடைசித் துணியைப் பேரன் குழலுக்குள்ளிருந்து இழுத்தான். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக வந்தது. பாட்டியம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்போது முற்றத்துப் படிகளில் காலடிச் சத்தம். எதிர்ச் சரிவிலிருந்து தங்கை வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை. மறுகையில் ஒரு தேன் சீசா.

என் ஸ்நேகிதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடினாள். சின்னப்பாட்டி குழந்தையின் உதட்டில் ஒரு துளி தேனைத் தடவிவிட்டு, மூச்சு வாங்கத் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். என் ஸ்நேகிதி மொழிபெயர்க்கச் சற்று நேரமாயிற்று. அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

"வெடி கேட்டது. இரண்டாவது வருகிறதா என்று வாசலிலேயே நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். வரவில்லை. அதற்கப்புறம்தான் உள்ளே போய்த் தேனை எடுத்தேன்."